பிள்ளை சலூனுக்குப் போகட்டும், கையில் கடிதத்தோடு போகட்டும்

(நாவுலயில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டத்தில் அழகுக்கலையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது எங்கள் வகுப்பறையில் பிறந்த விஷயம். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் "அடுத்து என்ன?" என்று கேட்கிறோம். முன்பு "டீச்சர்", "நர்ஸ்" என்று பதில் வரும். இப்போது பெண் பிள்ளைகளில் பலர் "பியூட்டிஷன்" என்கிறார்கள். ஆண் பிள்ளைகளிலும் சிலர் தயங்கித் தயங்கி, "முடி வெட்டப் படிக்கணும் டீச்சர், வீட்டில சொல்லிடாதீங்க" என்கிறார்கள்.

வீட்டில் ஏன் சொல்லக் கூடாது? அதிலிருந்தே தொடங்குவோம்.

தோட்டத்துக் கணக்கில் டோபியும் பாபரும் இருந்த காலம் இங்கே இருக்கும் தாத்தாமாருக்கு நினைவிருக்கும். துணி வெளுக்க ஒரு குடும்பம், முடி வெட்டச் சவரம் செய்ய ஒரு குடும்பம். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி பல இடங்களில் அந்தக் குடும்பத்துப் பெண்தான். ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார மட்டும் இடமில்லை. நாம் செய்த பாவம் அது. அந்தப் பாவம் இன்னும் தீரவில்லை என்பதற்குச் சாட்சிதான் "வீட்டில சொல்லிடாதீங்க" என்ற அந்தப் பேச்சு. "என் மகன் அடுத்தவன் தலையைப் பிடிக்கவா படிச்சான்?" என்று ஒரு தகப்பன் எங்களிடம் நேரிலேயே கேட்டார். நாங்கள் சொன்னோம்: "அண்ணே, டாக்டர்மாரும் அடுத்தவர் தலையைத்தான் பிடிக்கிறாங்க. கை சுத்தமா இருக்கணும், வேலை தெரிஞ்சிருக்கணும், கூலி சரியா வரணும். இதில எது கேவலம்?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மகனை அனுப்பினார்.

தோட்டத்தில் பிறந்து இந்தத் தொழிலில் உயர்ந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். 1867 டிசம்பர் 23ஆம் திகதி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டெல்டா என்ற ஊரில், ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார் சாரா பிரீட்லவ். தாயும் தகப்பனும் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் அடிமையாக இல்லாமல் பிறந்த முதல் பிள்ளை சாராதான். 7 வயதில் தாயும் தகப்பனும் இல்லை. 14 வயதில் கல்யாணம். 20 வயதில் கையில் ஒரு பெண் குழந்தையோடு விதவை. செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன்மார் முடி வெட்டினார்கள், சாரா ஊரார் துணியை வெளுத்தார். பாபரும் டோபியும்! கதை கடல் கடந்தாலும் நம்முடைய கதை போலவே இருக்கிறதல்லவா?

அவருக்குத் தலைமுடி கொட்டியது. அதற்கு மருந்து தேடினார். முதலில் இன்னொரு கறுப்பினப் பெண்மணியின் தயாரிப்புகளை வீடு வீடாக விற்றார், பிறகு சொந்தமாகத் தயாரித்தார். 1906இல் மறுமணம் செய்து, மேடம் சி.ஜே. வாக்கர் என்ற பெயரில் தொழிலை நடத்தினார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு வந்து அங்கே தொழிற்சாலை கட்டினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். 1917இல் அந்தப் பெண்களில் 200க்கும் மேற்பட்டவர்களைப் பிலடெல்பியாவில் மாநாடு கூட்டினார். விற்பனையில் முந்தியவர்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கு உதவியவர்களுக்கும் பரிசு கொடுத்தார். கறுப்பின மக்கள் மீது நடக்கும் கொலைவெறியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அந்த மாநாட்டிலிருந்தே ஜனாதிபதிக்குத் தந்தி போனது.

அவர் முதலாளிதான், தொழிற்சங்கக்காரர் அல்ல. அதை மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டு காரியத்துக்காக அவரை இங்கே நினைக்கிறோம். ஒன்று, தனித்தனியாக வேலை செய்த பெண்களை ஒரு மண்டபத்தில் கூட்டி உட்காரவைத்தார். இரண்டு, தான் உயிரோடு இருந்த வரையில் தோலை வெளுக்கவைக்கும் களிம்பை அவர் விற்கவில்லை. இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

இப்போது படிப்பு. பிள்ளைகளே, போனைக் கீழே வையுங்கள், இது உங்களுக்கு.

யூடியூப் பார்த்துப் பழகலாம், தவறில்லை. ஆனால் யூடியூப் சான்றிதழ் தராது. நம் நாட்டில் தொழில் தெரியும் என்பதற்குச் செல்லுபடியாகும் அத்தாட்சி தேசிய தொழிற் தகைமை. என்.வி.கியூ. என்று சொல்வார்கள். 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். அழகுக்கலைக்கும் சிகை அலங்காரத்துக்கும் இதில் தகைமை உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் போன்ற அரசாங்க நிறுவனங்கள் வழியாகவும் படிக்கலாம், தனியார் இடங்களிலும் படிக்கலாம்.

தனியார் இடத்தில் காசு கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, அல்லது சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரு வண்ணக் காகிதமா? வகுப்பும் மதிப்பீடும் எந்த மொழியில்? நான்காவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சிங்களம் படிப்பது நல்லது, வாடிக்கையாளரோடு பேச அது கட்டாயம் வேண்டும். ஆனால் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் மதிப்பீடு கேட்பது பிச்சை கேட்பதல்ல.

இன்னொன்று. ஏற்கெனவே சலூனில் நான்கைந்து வருடம் வேலை செய்து, ஒரு சான்றிதழும் இல்லாமல் இருக்கும் அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. செய்த வேலைக்கான அத்தாட்சிகளைச் சேர்த்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் அதே என்.வி.கியூ. கிடைக்கும். இன்றிலிருந்து செய்த வேலையைப் படமெடுத்து, திகதி எழுதி வையுங்கள். மணப்பெண்ணிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

இந்தத் தொழில் பூச்சும் பவுடரும் மட்டும் என்று நினைத்துப் போகிறவர்கள் மூன்று மாதத்தில் திரும்பி வருகிறார்கள். இது தோலைப் பற்றிய படிப்பு. ஒரு பிளேட்டை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஏன்? ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். தலைமுடிச் சாயம் பூசுவதற்கு முன் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, 48 மணித்தியாலம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கறுப்புச் சாயங்களில் இருக்கும் பி.பி.டி. என்ற இரசாயனம் சிலருக்கு முகமெல்லாம் வீங்கும்படி ஒத்துக்கொள்ளாமல் போகும். "நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கே பூசு" என்று சொன்னாலும் முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

செய்கிறவரின் உடம்பும் இருக்கிறது. மலையில் அட்டையும் வெயிலும் என்றால், சலூனில் வேறு. நாள் முழுக்க ஈரத்திலும் ஷாம்பூவிலும் இருக்கும் கை வெடித்துச் சொறி பிடிக்கும். முடியை வெளுக்கும் பவுடர் மூச்சில் போய் இழுப்பு வரலாம். சில முடி நேராக்கும் மருந்துகளைச் சூடாக்கினால் போமல்டிஹைட் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். நின்றே வேலை செய்வதால் காலில் நரம்பு சுருளும். கையுறையும், காற்றுப் போக ஜன்னலும், உட்கார ஒரு ஸ்டூலும் கேட்பது நோகாமல் சம்பாதிக்கும் ஆசையல்ல, தொழிலாளியின் உரிமை.

இப்போது களிம்பு விஷயம். இதில் மற்றவரைக் குறை சொல்வதற்கு முன் எங்களைச் சொல்லிக்கொள்கிறோம். பாடசாலைக் கலை விழாவில் நடனத்துக்குப் பிள்ளைகளை நிறுத்தும்போது, கொஞ்சம் நிறமான பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தியவர்கள் நாங்கள்தான். கறுத்த பிள்ளையின் முகத்தில் இரண்டு மடங்கு பவுடர் அப்பி அனுப்பியவர்களும் நாங்கள்தான். அப்படிப் பின்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, பதினேழு வயதில், முகம் சிவந்து, கன்னத்தில் நரம்பு தெரிய எங்களிடம் வந்தாள். சந்தையில் வாங்கிய களிம்பு, பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை. "முதல் ரெண்டு வாரம் வெள்ளையாத்தான் டீச்சர் ஆச்சு" என்றாள். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் களிம்பை விற்றவருக்கு முன்னாலேயே, அவள் முகம் போதாது என்று அவளுக்குச் சொன்னவர்கள் நாங்கள்.

இரண்டு வாரத்தில் வெள்ளையாக்கும் களிம்பில் என்ன இருக்கும்? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது ஸ்டீரொய்ட். அது மருந்து, டாக்டர் சொன்ன அளவில் மட்டும் பூச வேண்டியது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், பரு வரும், முடி முளைக்கும், நிறுத்தியதும் முகம் தீயாய் எரியும். இரண்டாவது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது. அதோடு நிற்காது. தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசிய தாயிடமிருந்து மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போகும். பாதரசத்துக்கு எதிராக மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை 2013இல் உருவானது, 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்று முதலில் வந்தது. 2023இல் கூடிய நாடுகள் அந்த ஒரு பங்குக்கும் இடமில்லை, 2025உடன் பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளும் கூடாது என்று தீர்மானித்தன. அப்படியிருந்தும் பெயரில்லாத டப்பாக்கள் சந்தைக்கு வருகின்றன.

ஆகவே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், சேர்மானம், முடியும் திகதி, இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கலோமல், மெர்கியுரி என்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள், களிம்பின் பெட்டியையும் கொண்டுபோங்கள்.

வெயிலில் கொழுந்தும் மிளகும் பறித்த நம் அம்மாமாரின் தோலில் இருக்கும் மெலனின் அவர்களுக்குக் குடை. இந்தியாவில் 1975இல் வந்த பெயர்போன களிம்பு ஒன்று, தன் பெயரில் இருந்த "வெள்ளை" என்ற பொருளுள்ள சொல்லை 2020இல் எடுத்துவிட்டது. கம்பனியே வெட்கப்பட்டுப் பெயரை மாற்றும் காலத்தில் நாம் ஏன் அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்? அழகுக்கலை படிக்கும் பிள்ளை நம் நிறத்துக்கு ஏற்ற அலங்காரத்தைப் படிக்கட்டும்.

அடுத்தது வேலைக்குப் போகும் இடம். எங்களிடம் படித்த இன்னொரு பிள்ளை கொழும்புப் பக்கம் ஒரு சலூனுக்குப் போனாள். "பழகுகிற காலம்" என்று ஆறு மாதம் சம்பளமே இல்லை, சாப்பாடும் தங்க இடமும் மட்டும். அசல் பிறப்புச் சான்றிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். தொழில் பழகினாளா என்றால், தரை கூட்டவும் துவாய் துவைக்கவும் பழகினாள். கை வெடித்தபோது மருந்துக்குக் காசு கேட்டாள், நாளைக்கு வராதே என்றார்கள். அவள் அம்மா சந்தாப் புத்தகத்தோடு எங்களிடம் வந்து, "டீச்சர், எனக்குச் சங்கம் இருக்கு, அவளுக்கு யார் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்றைய கூட்டம்.

தோட்டத்தில் நமக்குச் சம்பளம் போதவில்லை. 1,000 ரூபாவுக்கு எத்தனை வருடம் கத்தினோம், 2021இல் கிடைத்தது. 1,350 ஆனது 2024 செப்டெம்பரில். ஆனாலும் பேர் போடாவிட்டால் கேட்க நமக்குத் தலைவர் இருக்கிறார். ஈ.பி.எப். என்றால் என்ன என்று நம் பாட்டிக்கும் தெரியும். சலூனுக்குப் போகும் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே கேளுங்கள்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் ஈ.பி.எப்.க்குக் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி இன்னும் 3 வீதம் ஈ.டி.எப்.க்குக் கட்ட வேண்டும். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஈ.பி.எப். உண்டு. பயிலுநர், தற்காலிகம், கொமிஷன் என்று சொல்லித் தப்ப முடியாது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரி முதல் 30,000. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அனுப்பவே கூடாது, அந்த வயது வரை பாடசாலை கட்டாயம்.

பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். அதில் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த நாள் லீவு, பழகும் காலம் எத்தனை மாதம் என்று எழுதியிருக்க வேண்டும். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவரக் கூடாது, பிரதி கொடுத்தால் போதும். பிரச்சினை வந்தால் தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம், அதற்கு அந்தக் கடிதமே ஆயுதம்.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உதாரணத்துக்கு ஒரு மணப்பெண் அலங்காரத்துக்கு 20,000 ரூபா வாங்குகிறோம் என்று வைப்போம். சாமானுக்கு 4,000, ஆட்டோவுக்கு 3,000, உதவிக்கு வந்த தங்கச்சிக்கு 3,000, தேயும் பிரஷுக்கும் ஸ்ட்ரெய்ட்னருக்கும் ஒதுக்க 1,000. மிச்சம் 9,000. கையில் 20,000 வந்தது என்று நினைத்து நகை அடகை மீட்கப் போனால் அடுத்த கல்யாணத்துக்குச் சாமான் வாங்கக் கடன்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. ஆகவே புருவம் திருத்துவது, முடி வெட்டுவது என்று தினம் வரும் சின்ன வேலைதான் அடுப்பை எரியவைக்கும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், பிரதேச சபையில் அனுமதியை விசாரியுங்கள், வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நுண்கடன் வாங்கி நாற்காலியும் கண்ணாடியும் வாங்காதீர்கள். ஒரு பையில் அடங்கும் சாமானோடு தொடங்குங்கள்.

ஆனால் எங்கே தொடங்குவது? லயத்து அறை நம்முடையதல்ல. முன்வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டுமென்றாலும் துரையிடம் கேட்க வேண்டும். நிலமும் வீடும் சொந்தமாக வேண்டும் என்று சங்கம் கேட்பது குடியிருக்க மட்டுமல்ல, நம் பிள்ளைகள் தொழில் செய்யவும்தான்.

ஆகவே மூன்று விஷயத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். ஒன்று, வேலைக்குப் போகும் பிள்ளையின் கடிதத்தைக் கிளையில் வைத்து வாசித்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் நாங்கள் வாசித்துச் சொல்கிறோம், ஞாயிறு காலையில் வாருங்கள். இரண்டு, தோட்டத்தை விட்டு வெளியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பெயரும், வேலை செய்யும் இடமும் கிளையில் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். மூன்று, அவர்களையும் அங்கத்தவராக்க வழி பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தையே பதியலாம். ஒரு சலூனில் இரண்டு பேர், மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆனால் மாத்தளையிலிருந்து தம்புள்ள வரை இந்தப் பாதையில் எத்தனை சலூன் என்று பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பாதை நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிய நம் பாட்டன் பூட்டன்மார் காட்டு வழியாகத் தம்புள்ள, நாலந்தை என்று நடந்து மாத்தளைக்கு வந்தது இந்த வழியில்தான். வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கூட இல்லை. அவர்கள் வரும்போது கங்காணியிடம் பட்ட கடன் இருந்தது, கையில் கடிதம் இல்லை. இன்று அதே பாதையில் நம் பிள்ளைகள் சீப்பும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். கடன் இல்லாமல், கடிதத்தோடு போகட்டும்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அடுத்த மாதச் சந்தா கட்ட அவர் வரும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.